ஏழாயிரம் டொலரும் மிச்சக் கணக்கும்

குறும்படப் பயிற்சி வகுப்பு கொழும்பில் எங்கே நடந்தாலும் அந்தக் கதை வந்துவிடுகிறது. வெள்ளவத்தை மண்டபமாக இருக்கலாம், கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை வகுப்பறையாக இருக்கலாம். ரொபேர்ட் ரொட்ரிகஸ் என்ற 23 வயதுப் பொடியன் ஏழாயிரம் டொலரோடு மெக்சிக்கோவுக்குப் போனான். கித்தார்ப் பெட்டிக்குள் துப்பாக்கி கொண்டு திரியும் கொலைகாரன் ஒருவனையும், கித்தார்ப் பெட்டிக்குள் கித்தார் மட்டுமே வைத்திருக்கும் அப்பாவிப் பாடகன் ஒருவனையும் தாதாவின் ஆட்கள் மாறிப் பிடிக்கும் கதையைப் பதினான்கு நாளில் எடுத்து முடித்தான். 'எல் மரியாச்சி' என்று பெயர் வைத்தான். ஹொலிவூட் அவன் வாசலுக்கு வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பேச்சாளர் எதிரே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார்: அவனால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?

இப்படிக் கேட்பவர்களில் பலர் நல்ல மனம் கொண்டவர்கள். பிள்ளைகளுக்குத் தெம்பூட்டத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு தீர்ப்பு கிடக்கிறது. காசில்லை என்பது வெறும் சாட்டு, திறமை இருந்தால் படம் பிறந்துவிடும், நல்ல படம் தன் இரசிகரைத் தானே தேடிக்கொள்ளும் என்பதே அந்தத் தீர்ப்பு. அதைப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்கள். 1962இல் வந்த 'சமுதாயம்' தொடங்கி இன்றுவரை இந்த நாட்டில் தமிழ்ப்படம் எடுத்து நொந்துபோனவர்கள் எல்லோரும் திறமை கெட்டவர்கள் என்று ஆகிவிடுகிறது. 'இந்தியாக்காரன் எடுக்கிறான், மெக்சிக்கோக்காரன் எடுக்கிறான், எங்கடை ஆக்களுக்கு ஏலாது' என்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தேநீர்க்கடைப் பேச்சாகவும் மேடைப் பேச்சாகவும் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். இந்தப் பேச்சு பிழை. மெக்சிக்கோக் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததாலும், எங்கள் சொந்தக் கதையை அறவே தெரிந்துகொள்ளாததாலும் வந்த பிழை.

முதலில் படத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 'எல் மரியாச்சி' உண்மையாகவே நல்ல படம். டெக்சாஸ் எல்லைக்கு அப்பால் உள்ள சியுடாட் அக்குன்யா என்ற சிறு ஊரில் 1991 கோடையில் எடுக்கப்பட்டது. ரொட்ரிகஸே எழுதினார், கெமராவைப் பிடித்தார், வெட்டி ஒட்டினார். அந்த ஊரோடு உறவுள்ள நண்பர் கார்லோஸ் கயார்டோ கதாநாயகனாக நடித்துத் தயாரிப்பிலும் பங்கெடுத்தார். இரவல் வாங்கிய 16 மி.மீ. கெமராவில் படத்தோடு ஒலியைச் சேர்த்துப் பதிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு காட்சியையும் எடுத்த கையோடு, நடிகர்களை மறுபடி பேசவைத்து ஒலிநாடாவில் தனியாகப் பதிந்தார். உதடும் குரலும் விலகிப்போகும் இடங்களில் சட்டென்று இன்னொரு காட்சித் துண்டுக்கு வெட்டினார். அந்தப் படத்தின் பாய்ச்சலான வேகத்துக்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். கெமராவை நகர்த்தத் தண்டவாளம் இல்லாததால் மருத்துவமனையின் பழைய சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி படம் பிடித்தார். துப்பாக்கிகளை உள்ளூர்ப் பொலிசார் இரவல் கொடுத்தார்கள். வெற்றுத் தோட்டா ஒன்று வெடித்ததும் அவை சிக்கிக்கொள்ளும்; அந்த ஒற்றை வெடியைப் பல கோணங்களில் எடுத்து ஒட்டி, இயந்திரத் துப்பாக்கிச் சூடாகக் காட்டினார். இதைச் செய்ய மூளை வேண்டும், துணிச்சல் வேண்டும். ரொட்ரிகஸிடம் இரண்டும் இருந்தன.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த ஏழாயிரம் டொலர், அன்றைய நாணய மாற்றில் மூன்று இலட்சம் இலங்கை ரூபாயை ஒட்டிய தொகை. பெரும்பாலும் படச்சுருள் வாங்கவும் அதைக் கழுவவும் வீடியோ நாடாவுக்கு மாற்றவும் போன காசு அது. நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை. கெமராவுக்கு வாடகை இல்லை. வீதி, மதுச்சாலை, பேருந்து, துப்பாக்கி எல்லாம் ஓர் ஊரின் நல்லெண்ணத்தில் கிடைத்தவை. எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று பல பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் ஊதியமில்லாமல் செய்தார். இவற்றுக்கெல்லாம் விலை இல்லை என்று எந்தக் கணக்காளரும் சொல்லமாட்டார். விலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

காசில் ஒரு பகுதி வந்த வழியையும் சொல்லவேண்டும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்; எனக்குச் சிரிப்பு வருவதில்லை. புதிய மருந்துகளை மனிதரில் பரிசோதிக்கும் ஒரு நிறுவனத்தில் ரொட்ரிகஸ் ஒரு மாதம் அடைபட்டிருந்தார். தன் உடம்பைப் பரிசோதனைக்குக் கொடுத்து ஏறத்தாழ மூவாயிரம் டொலர் பெற்றார். திரைக்கதையை எழுதியதும் அங்கேதான். படத்தில் தாதா மொக்கோவாக வரும் பீட்டர் மார்க்வார்ட் அங்கே அவரோடு பரிசோதனைக்கு உட்பட்டவராக அறிமுகமானவர். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. வசனங்களை ஒலிப்பாக மனப்பாடம் செய்து பேசினார். கலைக்காக ஓர் இளைஞர் உடம்பை விற்கவேண்டி வந்தது என்றால் அதில் கொண்டாட என்ன இருக்கிறது? அந்த உறுதியை மெச்சலாம். அதையே வழிமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கொடுமை.

அடுத்ததுதான் எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி. 1993இல் சண்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்று, அதே ஆண்டு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம் ஏழாயிரம் டொலர்ப் படம் அல்ல. கொலம்பியா பிக்சர்ஸ் அதை வாங்கி, திரையரங்குப் பிரதியாக மாற்றி, ஒலியைத் திரும்பக் கலவை செய்தது. இதற்கு மட்டும் இரண்டு இலட்சம் டொலர் ஆனதாகச் சொல்லப்படுகிறது. படம் எடுத்த செலவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு. விளம்பரத்துக்கும் விநியோகத்துக்கும் பிறகு கொட்டிய பணம் அதைவிடப் பல மடங்கு. அமெரிக்காவில் மட்டும் இருபது இலட்சம் டொலரளவு வசூலித்தது என்பது உண்மைதான். அந்த வசூலை ஏழாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்து அதிசயம் காட்டுவது ஏமாற்று. நடுவே நின்ற ஸ்டூடியோவின் பணத்தையும் சேர்த்து எழுதினால் அதிசயம் குறையும், உண்மை தெரியும்.

அதைவிட முக்கியமானது, கொலம்பியா வருவதற்கு முன்பே ரொட்ரிகஸ் போட்டு வைத்திருந்த திட்டம். படத்தை அவர் ஹொலிவூட்டுக்காக எடுக்கவில்லை. ஸ்பானிய மொழி வீடியோச் சந்தைக்கு விற்கலாம், கிடைக்கும் காசில் அடுத்ததை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டே தொடங்கினார். அப்படி ஒரு சந்தை அப்போது உயிரோடு இருந்தது. மெக்சிக்கோவில் எழுபதுகளிலிருந்தே எல்லைக் கடத்தல், போதைப்பொருள், துப்பாக்கிச் சண்டை என்று குறைந்த செலவில் படங்கள் குவிந்தன. 1978இல் வந்த 'லா பண்டா டெல் கார்ரோ ரோஹோ' போன்றவை பெரிய வெற்றி பெற்றன. மரியோ அல்மாடா போன்ற நடிகர்கள் அந்தப் படங்களாலேயே வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்கள். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இலட்சக்கணக்கான மெக்சிக்கோத் தொழிலாளர்கள் அவற்றைப் பார்த்தார்கள், பிறகு வீடியோக் கடைகளில் வாடகைக்கு எடுத்தார்கள். மலிவாக எடுத்தாலும் வாங்க ஆள் உண்டு என்ற உறுதி அங்கே இருந்தது. அந்த உறுதியின் மேல் நின்றுகொண்டுதான் ஒருவர் ஏழாயிரம் டொலரைப் பணயம் வைத்தார்.

இங்கே தமிழ்ப்படம் எடுக்கும் ஒருவர் எந்த உறுதியின் மேல் நிற்கிறார்? நான் வசிக்கும் தெஹிவளையில் கொன்கோர்ட் தியேட்டர் இருக்கிறது. வெள்ளவத்தைக்குப் போனால் சவோய், கொட்டாஞ்சேனைக்குப் போனால் செல்லமஹால் என்று கொழும்புத் தமிழருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய திரைகள் உண்டு. அங்கே தமிழ் கேட்கும், சென்னையின் தமிழ். தியேட்டர்காரரை நான் குறை சொல்லவில்லை. மின்சாரக் கட்டணத்தையும் சம்பளத்தையும் கட்டவேண்டியவர் நிச்சயமாகக் கூட்டம் வரும் படத்தையே போடுவார். ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம் இறங்கும் வாரத்தில் உள்ளூர்ப் படத்துக்கு ஒரு காட்சி நேரம் கேட்டுப் போய் நின்றவர்களுக்கு அந்த நிலைமை தெரியும். பெரிய சந்தைக்குப் பக்கத்தில் அதே மொழியில் ஒரு சிறு சந்தை இருப்பதன் துயரம் அது. ரொட்ரிகஸுக்கு மொழி ஒரு சந்தையைத் திறந்துவிட்டது. எங்களுக்கு அதே மொழியே இன்னொருவரின் சந்தையாகிவிட்டது.

சென்னையை இழுத்ததால் 'ஆரண்ய காண்டம்' பற்றியும் பேசவேண்டும். எல் மரியாச்சிக்கு அடுத்தபடியாக எங்கள் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் அதுதான். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். 2011 யூன் 10ஆம் திகதி வெளிவந்தது. வடசென்னையில் ஒரே நாளில் நடந்து முடியும் தாதாக் கதை. கிழவனாகிவரும் சிங்கப்பெருமாள், அவனை மீறிப்போகும் பசுபதி, கொக்கெயின் பையில் தடுக்கி விழும் சேவற்சண்டைக்காரக் காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும், எல்லோரும் ஏளனமாக நினைக்கும் சப்பை, எல்லோரையும் கடந்து வெளியேறும் சுப்பு. பாட்டு ஒன்றுகூட இல்லை. அதைத் தமிழின் தலைசிறந்த கேங்ஸ்டர் படம் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்து வாதாடமாட்டேன். வெளியான நேரத்தில் ஓடவில்லை; பிறகு வட்டிலும் இணையத்திலும் பார்த்துப் பார்த்துக் கொண்டாடினார்கள். வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் வாங்கிய நகல் வட்டில் அதைப் பார்த்த ஒரு தலைமுறையே இங்கும் உண்டு.

ஆனால் 'காசில்லாமல் எடுத்த படம், நல்ல படம் ஆகையால் தானே எழுந்து நின்றது' என்று அதைக் காட்டுவது சரியா? தயாரித்தவர் எஸ். பி. சரண், சொந்தப் பட நிறுவனம் வைத்திருந்தவர். நடித்தவர்களில் ஒருவர் ஹிந்தித் திரையின் ஜாக்கி ஷெரொஃப். இசை யுவன் சங்கர் ராஜா, ஒளிப்பதிவு பி. எஸ். வினோத். நட்சத்திரப் படத்தோடு ஒப்பிட்டால் செலவு சிறியதுதான். பின்னால் நின்ற தொழிற்துறையோ மிகப் பெரியது. தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்டபோது, அடங்கிப் போகாமல் டெல்லியில் இருந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அப்படிப் போக ஒரு நிறுவனம் வேண்டும், சட்டத்தரணி வேண்டும், படத்தை மாதக்கணக்கில் முடக்கி வைத்துத் தாங்கும் பொருளாதாரம் வேண்டும். வெளியாகுமுன்பே 2010இல் நியூயோர்க் தெற்காசியத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது. பிறகு சிறந்த அறிமுக இயக்குநர் படம், சிறந்த படத்தொகுப்பு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகள் கிடைத்தன. விழாக்கள், அரசு விருது, விமர்சகர் வட்டம், வட்டுக் கடை என்று எத்தனையோ கைகள் தூக்கி நிறுத்திய படம் அது. இத்தனைக்குப் பிறகும் குமாரராஜாவின் அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' வர எட்டு ஆண்டுகள் ஆயின. 'பிறகு கொண்டாடுவார்கள்' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் அந்த எட்டு ஆண்டுகளையும் கூட்டிச் சொல்லட்டும்.

இப்போது எங்கள் வீட்டுக்குள் வருவோம். நல்ல படம் தன் இரசிகரைத் தானே தேடிக்கொள்ளும் என்பது உண்மையானால், 'பொன்மணி'யை இன்று தெஹிவளையில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது தெரிந்திருக்கவேண்டும். 1977இல் தர்மசேன பத்திராஜ எடுத்த படம். சிங்களத் திரையில் 'அஹஸ் கவ்வ' என்ற முதல் படத்தாலேயே தன்னை நிலைநாட்டியிருந்த இயக்குநர். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். காவலூர் இராஜதுரையின் எழுத்தோடு, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேருக்குநேர் பார்த்துப் பேசிய படம். திறமைக்கு என்ன குறை? படம் ஓடவில்லை. சென்னைப் படத்தின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகியிருந்த கண்ணுக்கு அதன் அமைதி பிடிபடவில்லை. பிடிபடும்வரை திரையில் வைத்திருக்க எவரும் இல்லை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அதை மைல்கல் என்று எழுதினார்கள். அதைப் பற்றிப் படித்தவர்களைக் கொழும்பில் எளிதாகக் காணலாம், பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பத்திராஜ அதன் பிறகு தமிழில் முழுநீளக் கதைப்படம் எடுக்கவில்லை, 2018இல் காலமானார்.

'பொன்மணி'க்கு ஓராண்டு முந்திய 'கோமாளிகள்' நன்றாக ஓடியது. காரணம் ஒன்றும் மர்மமல்ல. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நாடகமாக வாரா வாரம் கேட்டுச் சிரித்த கூட்டம் ஏற்கெனவே இருந்தது. மரைக்கார் ராமதாஸின் குரலை அடையாளம் காணாத தமிழ் வீடு அந்நாளில் குறைவு. 'புதிய காற்று', 'நான் உங்கள் தோழன்' ஆகியவற்றை எடுத்த வி. பி. கணேசன் மலையகத் தொழிலாளரோடு நின்ற தொழிற்சங்கத் தலைவர். அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஆக, ஓடிய படங்களுக்கு முன்னால் பார்வையாளரைத் திரட்டித் தந்த ஏதோ ஓர் அமைப்பு நின்றிருக்கிறது, வானொலியாகவோ சங்கமாகவோ. எழுபதுகளில் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் வழியாக இந்தியப் பட இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்திலேயே, 1976 முதல் 1979 வரை, பத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழ்ப்படங்கள் வந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 'வாடைக்காற்று' அந்த அலையில் வந்தது: செங்கை ஆழியானின் நாவல், பிறேம்நாத் மொறாயஸின் இயக்கம். அந்த நான்கு ஆண்டுகளில் மட்டும் தமிழருக்குத் திடீரென்று திறமை ஊறி, பிறகு வற்றிப்போயிற்றா? திரை கொஞ்சம் திறந்தது, படங்கள் வந்தன. திரை மூடியது, படங்கள் நின்றன.

அந்தப் படங்கள் எல்லாம் காவியங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பலவற்றில் நாடக மேடையின் நடிப்பு, சென்னையின் சாயல், தடுமாறும் ஒலி எல்லாம் உண்டு. ஒரு தொழிற்துறை பத்துச் சுமாரான படங்களை எடுத்துக் கற்றுக்கொண்டுதான் ஒரு நல்ல படத்துக்கு வரும். மெக்சிக்கோவின் மலிவான துப்பாக்கிப் படங்களில் பெரும்பாலானவையும் சுமார்தான். அவற்றை மன்னித்து வாங்கிய சந்தை இருந்தது. எங்கள் இயக்குநருக்கு முதல் படத்திலேயே வென்றாகவேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்விடும்.

பிறகு 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். எங்கள் சினிமாவைப் பற்றிய பேச்சில் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். தமிழரான கே. குணரத்தினம் இந்த நாட்டுத் திரைத்தொழிலின் பெருந்தூண்களில் ஒருவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' அவர் தயாரித்தது. ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோவை அந்தக் கலவரத்தில் எரித்தார்கள். உள்ளே இருந்த நெகட்டிவ்களும் சாம்பலாயின. எரிந்தவற்றில் சிங்களப் படங்களே அதிகம். ஒரு நாடு தன் சொந்த நினைவையே அப்படிக் கொளுத்திக்கொண்டது. தமிழ்ப்படத்துக்கோ, முதலீடு செய்யக்கூடிய தமிழ் வணிகர், படப்பிடிப்புத் தளம், படம் பார்க்கப் பயமில்லாமல் இரவுக் காட்சிக்குப் போகும் குடும்பம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் பறித்தார்கள். குணரத்தினம் 1989இல் கொலைசெய்யப்பட்டார். இவ்வளவும் நடந்த ஊரில் நின்றுகொண்டு 'காசில்லை என்பது சாட்டு' என்று சொல்வதற்கு மனம் எப்படி இடங்கொடுக்கிறது?

எடுத்த படங்களைப் பாதுகாப்பது என்பதையும் பாருங்கள். எல் மரியாச்சியை 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஏழாயிரம் டொலர்ப் படத்துக்கு ஓர் அரசு காவலாக நிற்கிறது. 1978இல் சுமித்திரா பீரிஸ் எடுத்த 'கெஹெனு லமாய்' என்ற சிங்களப் படம் மும்பையின் ஃபில்ம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் கையால் மீட்டெடுக்கப்பட்டு 2025இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்து நான் மகிழ்ந்தேன். அந்த அம்மையாரின் படத்துக்கு அது தகும். அதே 1978இல், இதே நாட்டில் வந்த 'வாடைக்காற்று'க்கு அப்படி ஒரு கை நீளவேண்டும் என்று யார் கேட்கிறோம்? ஒரு படம் கல்ட் ஆகவேண்டுமானால் முதலில் அது கைக்குக் கிடைக்கவேண்டும். பார்க்கக் கிடைக்காத படத்தை எந்த இரசிகர் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டாடுவார்?

புலம்பெயர்ந்தோரைக் காட்டி ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். ரொறொன்ரோவில் லெனின் எம். சிவம் '1999' என்ற படத்தை மிகச் சிறிய செலவில் எடுத்தாரே, 2009இல் வன்கூவர் விழாவரை போனதே என்பார்கள். போனது. ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகள் கும்பல் சேர்ந்து ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த காலத்தை எடுத்துக்கொண்ட அந்தப் படம், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் சிறு செலவுத் தாதாப் படங்களுக்கு மிக அருகில் வரும் ஈழத்தமிழர் படம். அதன் முக்கியத்துவத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டே கேட்கிறேன்: கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் சனம், சென்னைப் படம் வந்தால் வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறது. லெனின் சிவத்தின் படத்துக்கு அதில் எத்தனை பேர் வந்தார்கள்? மெக்சிக்கோத் தொழிலாளி லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்துகொண்டு தன் எல்லையோரக் கதைகளை வாங்கிப் பார்த்தார். நாங்கள் எங்கள் கதையை வாங்கவில்லை. அது இயக்குநரின் திறமைக் குறையல்ல.

'தீபன்' வேறு ஒன்றைச் சொல்கிறது. பாரிஸ் புறநகரின் போதைக் கும்பல்களுக்கு நடுவே வந்து விழும் முன்னாள் போராளியின் கதை. பெரும்பகுதி தமிழில் பேசும் படம். ஷோபாசக்தி என்று நாங்கள் அறிந்த அன்ரனிதாசன் யேசுதாசன் நாயகன். 2015இல் கான் விழாவின் தங்கப் பனை அதற்குக் கிடைத்தது. இயக்கியவர் ஜாக் ஓடியார், பிரெஞ்சுக்காரர். பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமாச் சீட்டிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரியாகப் பிரிந்து, திரும்பவும் படம் எடுக்கவே போகிறது. எங்கள் எழுத்தாளர் ஒருவரின் முகம் உலகத் திரையில் எழுந்ததற்குப் பின்னால் அப்படி ஒரு ஏற்பாடு நின்றது. அந்த முகமும் அந்தத் திறமையும் கொழும்பிலேயே இருந்திருந்தால் ஒரு குறும்படத்தில் இலவசமாக நடித்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பியிருக்கும்.

இன்று நிலைமை மாறிவிட்டது, கைப்பேசியே கெமரா என்பது அடுத்த வாதம். கெமராவின் விலை விழுந்தது உண்மை. ஆனால் படத்தில் கெமரா எப்போதுமே சிறு செலவு. மனிதரின் நேரந்தான் பெரிய செலவு. ஒலிக்கு ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும், பின்னிரவில் நடிகையை வீட்டுக்குக் கொண்டுபோய் விட வாகனம் வேண்டும். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு ஒலிவாங்கியும் வன்தட்டும் இங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டாத பொருளாயிற்று. 'எல்லோரும் நண்பர்கள்தானே' என்று இலவசமாக வேலை வாங்கும் பழக்கம் இங்கே வேர்விட்டிருக்கிறது. ஒரு மாதம் சம்பளமில்லாமல் நிற்க யாரால் முடியும்? வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீட்டுப் பிள்ளையால் முடியும். புறக்கோட்டையில் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளையால் முடியாது. இரவு வேலைக்கு வீட்டில் அனுமதி கேட்கவேண்டிய பெண்பிள்ளைக்கு அது இன்னும் கடினம். காசு தேவையில்லை என்று சொல்லச் சொல்ல, காசுள்ள வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான கலையாகச் சினிமா சுருங்குகிறது. தாதாவின் கதையைத் தாதாவின் தெருவிலே வளர்ந்தவர் சொல்லும் வாய்ப்பு அத்தோடு போய்விடுகிறது.

கைப்பேசியில் எடுத்ததற்கும் எங்களிடம் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து மதிசுதா, பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் 'வெந்து தணிந்தது காடு' என்ற முழுநீளப் படத்தைக் கைப்பேசியில் எடுத்தார். ரொட்ரிகஸுக்கு எந்த விதத்திலும் குறையாத முயற்சி. அதே பெயரில் சென்னையில் ஒரு பெரிய படம் அறிவிக்கப்பட்டு 2022இல் உலகமெங்கும் வெளியானது. இன்று அந்தப் பெயரைத் தேடினால் முன்னால் வருவது எந்தப் படம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திறமையும் இருந்தது, மலிவும் இருந்தது, மக்கள் ஆதரவும் இருந்தது. தன் பெயரையாவது தனதாக வைத்திருக்க அவருக்கு ஒரு தொழிற்துறை இருக்கவில்லை.

அப்படியானால் காசு வரும்வரை கைகட்டி உட்காரச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. எடுங்கள். இருப்பதை வைத்து எடுங்கள்; ரொட்ரிகஸின் சிக்கனத்தையும் வெட்டும் முறையையும் படியுங்கள், அவை பொன். ஆனால் எடுக்கமுடியாமல் போனவரை இழிவாகப் பேசாதீர்கள். எடுத்தும் தோற்றவரின் தோல்வியை அவருடைய மூளையில் தேடாதீர்கள். குறைந்த செலவுப் படத்தை வீரக்கதையாக்கிச் சொல்லும்போதெல்லாம், திரை தரவேண்டியவர்களும் நிதி தரவேண்டியவர்களும் பாதுகாக்கவேண்டியவர்களும் தங்கள் கடமையிலிருந்து சத்தமில்லாமல் விடுவிக்கப்படுகிறார்கள். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்திடம் தமிழ்ப்படத்துக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால், 'மெக்சிக்கோவில் ஒருவன் ஏழாயிரத்தில் எடுத்தான்' என்ற பதில் அந்த அதிகாரிக்கு எவ்வளவு வசதி! அந்த வசதியை நாங்களே எங்கள் வகுப்பறைகளில் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி வகுப்பு நடத்தும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஏழாயிரம் டொலர் என்று சொல்லும்போது இரண்டு இலட்சம் டொலரையும் சொல்லுங்கள், மருந்துப் பரிசோதனையில் அடைபட்டிருந்த அந்த மாதத்தையும் சொல்லுங்கள், வாங்கக் காத்திருந்த வீடியோச் சந்தையையும் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் 'பொன்மணி'யின் கதையைச் சொல்லுங்கள். உங்களுக்குக் கீழ் வேலை செய்யும் பிள்ளைக்கு, சிறு தொகையானாலும், கூலியைக் கையில் கொடுங்கள். தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ளூர்த் தமிழ்ப்படம் ஒன்று ஒரே ஒரு காட்சியாகத் திரையேறினால், இலவச அழைப்புக்குக் காத்திராமல் சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.